கடனே என்று

சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை.
சாக்கிநாக்காவில், நான்காம் மாடியில்,
இருநூற்றுப் பதினேழு பேருக்கு.
ஓவர்டைம், போனஸ், பிடித்தம், முன்பணம்.
கூலி கேட்பதை இழிவென்று
யாரும் என்னிடம் சொன்னதில்லை,
ஞாயிற்றுக்கிழமைகளில் தவிர.

பலனை நினையாமல் கீழ்ப்படியுங்கள் என்பார் போதகர்.
மின்விசிறிக்கு அடியில் எல்லாரும் தலையாட்டுவோம்.
ரூபாவதி அக்காவுக்கு வாதம் வந்து
வலப்பக்கம் விழுந்துவிட்டதென்று
ஜெபக் குறிப்பில் வாசித்த அன்றும்
ஆட்டினேன்.

நாற்பத்திரண்டாயிரம்.
சீட்டுப் பிடித்தவள் அவள்.
இரண்டாயிரம் வீதம் இருபத்தோரு மாதம்,
ஏலம் கேட்காமல் பொறுத்திருந்தேன்.
கடைசிச் சீட்டுக்கு முந்தின நாள்
சீத்தா கேம்ப்பில் அவள் கதவில் பூட்டு.
இப்போது திரும்பி வந்திருக்கிறாள்,
அதே அறைக்கு, பாதி உடம்போடு.

பகைத்தவருக்கு நன்மை செய் என்றால் செய்ய வேண்டும்.
செய்தேன்.
வியாழன்தோறும் குர்லாவில் வண்டி மாறி
மான்கூர்டில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடிபட்டு,
அவளுக்குத் தலைக்கு ஊற்றினேன்.
பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினேன்.
அந்தக் கடியில் ஒரு பெருமை:
பாரும் ஆண்டவரே,
எனக்கு இதில் ஒரு சுகமும் இல்லை.

நாலாம் வாரம்
கோணிய வாயால் சொன்னாள்:
"கடனேன்னு வராத, புள்ள."

யார் சொல்வது!
கையிலிருந்த செம்பை
அவள் தலையிலேயே போடலாம் போலிருந்தது.
போடவில்லை. அதையும் கீழ்ப்படிதலில் எழுதிக்கொண்டேன்.
திரும்பும் ரயிலில், கைப்பிடியில் தொங்கியபடி,
அந்தச் சொல்லை இரண்டு பக்கமும் புரட்டினேன்.
அவள் எனக்குத் தர வேண்டியது கடன்.
நான் அவளுக்குச் செய்வதும் கடன்.
இரண்டுக்கும் நடுவில்
ஒரு செம்பு வெந்நீர் ஆறிப்போகிறது.

பிறகு ஜூலை.
தலை முழுக்க ஷாம்பு தேய்த்த நேரம்
குழாய் நின்றது. டிரம்மில் அரைக் குவளை.
அடுத்த வீட்டு சுனந்தாதாயி ஊரில் இல்லை.
தகரத்தில் மட்டும் தண்ணீர் தடதடவென்று.
"என்ன இழுத்து வாசல்ல போடு" என்றாள்.
நாற்காலியோடு இழுத்தேன்.
மொத்த மழையும் அவள் தலையில் இறங்கியது.
நுரை சந்தோடு ஓடிப்போய்
ஒரு பைக்காரன் சக்கரத்தைச் சுற்ற,
அவன் மூன்று பாஷையில் திட்டினான்.
பாதி வாயால் அவள் சிரித்தாள்.
முழு வாயால் நான்.

அடுத்த வியாழன் ஐந்தரைக்கே ஆபீஸை விட்டேன்.
குர்லா மேம்பாலத்தில் ஓடினேன்.
ஓடும்போதுதான் பயம் வந்தது.
எனக்குப் பிடித்துவிட்டதே,
இனி இது கணக்கில் சேருமா?

ஆணிக்குக் கை நீட்டியவர்
கண்ணெதிரே ஒன்றுமே இல்லாமலா நீட்டினார்?
கூலி வேண்டாம் என்று வேலைக்கு வருகிறவனை
எனக்குத் தெரியும், ஒருவன் இருந்தான்.
முதலாளியிடம் பணம் இல்லை என்று நினைத்தான்,
அல்லது தன்னையே முதலாளி என்று.
தர நீட்டிய கைக்கு முன்னால்
என் கையைப் பின்னால் கட்டிக்கொள்வது
பணிவில் சேர்த்தியா, போதகரே?
கேட்கவில்லை. கேட்பேன் ஒருநாள்.

நேற்று தலை துவட்டி முடித்ததும்
தலையணைக்கு அடியில் இடக்கையால் துழாவி
இருபது ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினாள்.
"கழிச்சுக்க."

மனம் தன் பழக்கத்தில் கணக்குப் போட்டது.
வாரம் இருபது என்றால்
இரண்டாயிரத்து நூறு வாரம்.
நாற்பது வருஷம், நாலரை மாதம்.

வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.
சம்மதம், அக்கா,
ஒரு வாரமும் தள்ளுபடி கிடையாது.